அப்பாவின் மோட்டார் சைக்கிளும் அக்கா சொன்ன பாதையும்

எங்கள் வீட்டுக் கோழிகள் கொஞ்சக் காலம் ஒரு மோட்டார் சைக்கிளின் மேல்தான் அடைந்தன. உங்களில் சிலர் அதைப் பார்த்திருக்கிறீர்கள். அதன் மேல் ஏறி வாயாலே "டுர்ர்" என்று ஓட்டி, எங்கள் அம்மாவிடம் விளக்குமாற்றால் அடியும் வாங்கியிருக்கிறீர்கள். கலியாண வீட்டிலோ செத்த வீட்டிலோ நாம் சந்திக்கும்போதெல்லாம் அந்தக் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்பீர்கள். கச்சேரி மாப்பிள்ளை ஆற்றில் விழுந்த கதை என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டீர்கள். நானும் கையை ஆட்டி, முகத்தைக் கோணி, இத்தனை வருஷமும் உங்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். இன்றைக்கு முழுவதையும் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள், எனக்கு வராது.

உலகச் சண்டை முடிந்த புதிது. மண்ணெண்ணெய்க்கும் சீனிக்கும் இன்னும் கூப்பன்தான். ஆற்றுக்கு இந்தக் கரையான நமது படுவான்கரையில் வயல் அளக்க வந்த சர்வேயர் துரை எங்கள் வளவின் வெளி அறையில் தங்கியிருந்தார். டவுனிலிருந்து வந்த பறங்கிக்காரர், நல்ல மனுஷர். மாற்றலாகிப் போகும்போது அவருடைய மோட்டார் சைக்கிள் ஓடாமல் கிடந்தது. "மாஸ்டர், இத இனி நீங்களே வெச்சிக்கொள்ளுங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத் தோணி ஏறிப் போய்விட்டார். மாட்டுக் கொட்டிலில் தென்னங்கிடுகால் மூடி வைத்தோம். கிடுகைக் கோழிகள் கிளறித் தள்ளிவிட்டு ஏறிக்கொண்டன.

அப்பா பள்ளிக்கூட மாஸ்டர். தெற்கே வேறு ஊரிலிருந்து அம்மாவைக் கட்டி வந்தவர். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். தெரியாத பிள்ளைகளும் இதைக் கேட்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். வீடு பெண்ணுக்குத்தான். தாயின் வீடு மூத்த மகளுக்கு, அவள் புருஷன் அந்த வீட்டுக்கு வந்து சேர வேண்டும். எங்கள் வீடு, வளவு, வட்டையில் கிடந்த வயல் எல்லாம் அம்மாவுடையவை. அந்த வீட்டில் எதையும் முடிவு செய்கிறவர் அம்மாவின் தமையன், எங்கள் அம்மான். அப்பா உட்கார்ந்த கதிரைகூட அம்மாவின் சீதனக் கதிரை. அவருக்கென்று சொல்ல அந்த வளவில் இருந்தது துரை கொடுத்த அந்த இரும்பு ஒன்றுதான். அப்போது எனக்கு இது விளங்கவில்லை. நான் அவரைக் கொஞ்சம் விளையாட்டுத்தனமான மனுஷர் என்றுதான் நினைத்திருந்தேன்.

அக்காவுக்குச் சம்பந்தம் பேச்சு வந்தது. மாப்பிள்ளை யாழ்ப்பாணத்துப் பொடியன், அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். அம்மானுக்குப் பெரிய சந்தோஷம். வெற்றிலைத் தட்டத்தை இழுத்து வைத்துக்கொண்டு அப்பாவைப் பகிடி பண்ணினார்.

"வீடு குடுக்கிறம், வட்டையில காணி குடுக்கிறம். எல்லாம் எங்கட பக்கத்தாலதான் போகுது. நீங்க என்ன குடுக்கப் போறீங்க மச்சான்?"

அப்பா சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே சொன்னார்: "மோட்டச் சைக்கிள் குடுப்பன்."

வீடே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். கொட்டிலில் ஒரு கோழி அந்த நேரம் பார்த்துக் கொக்கரித்ததில் சிரிப்பு இன்னும் கூடிவிட்டது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த நாள் விடியவே சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு கொட்டிலுக்குள் போனார்.

அந்த அறுவடைச் சூடடிப்புக் காலம் முழுக்க எங்கள் வளவில் இரும்பு வாசம்தான். கோழிப் பீச்சலைச் சாம்பலும் தேங்காய்ப் பொச்சு நாரும் வைத்துச் சுரண்டினார். புகைக்குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. கம்பியால் குத்தி உடைத்தபோது செத்த புழுக்கள் கொட்டின. எஞ்சின் உள்ளே இறுகிப்போயிருந்தது. மண்ணெண்ணெயையும் தேங்காயெண்ணெயையும் கலந்து ஊற்றி ஊறவைத்து, தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒருமுறை அசைத்துப் பார்ப்பார். "விளக்குக்கு எண்ணெ இல்ல, உங்கட பிணத்துக்கு ஊத்துறீங்களே" என்று அம்மா கத்துவாள். பெற்றோல் தாங்கிக்குள் துரு. கூழாங்கற்களைப் போட்டு, மண்ணெண்ணெய் விட்டு, அதை மடியில் வைத்துக் குழந்தையைத் தாலாட்டுகிற மாதிரி ஆட்டுவார். கலகலவென்று ஒரு சத்தம். செந்நிறத் தண்ணீராய்க் கொட்டும். பிறகு திரும்பவும் ஆட்டுவார். மின்பொறி தருகிற பெட்டி ஈரம் குடித்திருக்கிறது என்று அதைக் கழற்றிக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் காய வைத்தார். அம்மா கருவாட்டுச் சட்டியை எடுப்பதற்கு அதைத் தாண்டித்தான் கையை நீட்ட வேண்டும்.

எஞ்சின் ஒருநாள் அசைந்தது. அன்றைக்கு அப்பா கறுத்த கையோடு குசினி வாசலில் வந்து நின்றார். அக்காதான் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "அசைஞ்சிற்றா அப்பா?" என்று கேட்டு, ஓடிப்போய்த் தண்ணீர் அள்ளி அவர் கையில் ஊற்றினாள்.

அக்காவைப் பற்றி நான் சொல்ல வேண்டும். இப்போது அக்கரையில் களுதாவளை வீட்டு மூலையில் இருக்கிற அந்தப் பேசாத கிழவியைத்தான் உங்களுக்குத் தெரியும். அந்த நாளில் அவள் சரியான வாய்க்காரி. வேலிக்குப் பக்கத்தில் நின்று போகிறவர் வருகிறவர் எல்லோரோடும் கதைப்பாள். மாட்டைத் தேடி வருகிறவனுக்கு மாடு போன பக்கம் சொல்வாள். புது ஆளுக்கு வழி சொல்வாள்: "இதால போய் வலக்கைப் பக்கம் கிறுகுங்க, மறுகா ஒரு ஆலமரம் வரும்." ஊரில் யார் வீட்டுக்குப் போவதென்றாலும் அவளிடம் கேட்டால் போதும்.

எஞ்சினுக்குப் போட எண்ணெய் கிடைக்கவில்லை. அப்பா எங்கேயோ கேள்விப்பட்டு ஆமணக்கெண்ணெயை ஊற்றினார். உதைத்து உதைத்து முழங்கால் வீங்கின பிறகு, ஒரு பின்னேரம் அது நடுங்கி, இருமி, வெடித்து, ஓடத் தொடங்கியது. நீலப் புகை வளவை மூடியது. பேதிக்குக் கொடுக்கிற அந்த எண்ணெயின் வாசம் கோயிலடி வரைக்கும் போனதாம். நீங்கள் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தீர்கள். "மாஸ்டர் சைக்கிளுக்கு வயித்தாலடிக்கக் குடுத்திட்டார்" என்று யாரோ சொன்னார்கள். அப்பா அதற்கும் சிரித்தார். அப்படி வாய் நிறையச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

இனிப் பிரேக். முன் பிரேக்கின் கம்பி எப்போதோ அறுந்து போயிருந்தது. பின் சில்லை உள்ளே இருந்து பிடிக்கிற பட்டை தேய்ந்து வெறும் இரும்பாகிவிட்டது. கொழும்புக்குச் சொல்லி விட்டிருந்தார், வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வருகிற நாள் கிட்டியது. அப்பா பழைய செருப்பொன்றின் தோலை வெட்டி, ஆணி அடித்து, பட்டைக்குப் பதிலாக வைத்தார்.

ஒருநாள் மத்தியானம் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நெல் சூடடிக்கிற களவெட்டிப் பக்கம் ஓட்டிப் போனார். அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு நான் கண்ணை மூடியிருந்தேன். திடீரென்று கருகிய தோல் வாசம் வந்தது, சுடலை வாசம் மாதிரி. அப்பா காலைத் தரையில் தேய்த்தார். வண்டி நிற்கவில்லை. வைக்கோல் கும்பிக்குள் போய்ச் செருகிக்கொண்டோம். என் வாயெல்லாம் பதர். அப்பா என் தலையில் இருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்தார்.

"அம்மாட்டச் சொல்லிராத புள்ள. தோல் புதிசு. ஊறினாப் பிடிச்சிரும்."

நான் ஓம் என்றேன்.

மாப்பிள்ளை வீட்டாரை அம்மான் மரியாதையாகத் தன் தோணியிலேயே டவுனிலிருந்து கோயில் துறைக்குக் கூட்டி வந்தார். தோணிக்குத் தோரணம் கட்டி, பாய் விரித்து, அதில் வெள்ளைத் துணியும் போட்டிருந்தது. அந்த மரியாதைதான் கெடுத்தது. எல்லோரையும் போல அவர்கள் ஊர்த் துறையால் வந்திருந்தால் ஒரு சொல்லைப் படித்துக்கொண்டு வந்திருப்பார்கள். நமக்குப் பாதை என்றால் என்ன? இரண்டு தோணியைச் சேர்த்துப் பலகை அடித்து, ஆளையும் மாட்டையும் வண்டிலையும் ஏற்றி, கம்பால் தள்ளி ஆற்றைக் கடக்கிறோமே, அது. "பாதை வந்திற்றா?" "பாதை அக்கரையில நிக்குது" என்று நாம் சொல்வது வெளியூராருக்கு விளங்காது. அவர்களுக்குப் பாதை என்றால் கால் நடக்கிற வழி.

மாப்பிள்ளை மெலிந்த மனுஷர். கண்ணாடி போட்டிருந்தார். பலகாரம் தின்று முடிந்ததும் அப்பா கொட்டிலிலிருந்து மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். துடைத்துத் துடைத்துத் தாங்கி கறுப்பாக மின்னியது. எல்லோருக்கும் முன்னால் நின்று, பள்ளிக்கூடத்தில் பேசுகிற குரலில் சொன்னார்: "இது நான் மாப்பிள்ளைக்குக் குடுக்கிறது."

அம்மான் வெற்றிலைத் தட்டத்தைத் தள்ளி வைத்தார். மாப்பிள்ளையின் முகம் மலர்ந்துவிட்டது. ஊரில் மச்சானுடைய மோட்டார் சைக்கிளை ஓட்டிப் பழக்கமாம். "ஒருக்கா ஓடிப் பாக்கட்டோ?" என்று கேட்டார். அப்பா ஒரு கணம் நின்றார். அந்த ஒரு கணத்தை நான் பார்த்தேன். இன்றைக்கு வேண்டாம் தம்பி என்று சொல்லியிருக்கலாம். ஊரே பார்த்துக்கொண்டு நின்றது.

"ஓடுங்க தம்பி" என்றார்.

மாப்பிள்ளை கோயிலடியைச் சுற்றி, பின் ஒழுங்கையால் வந்து, எங்கள் வளவின் பின் வேலிக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தார். மேடான மணலில் சில்லு தானாகவே நின்றது. அங்கே கிணற்றடியில் அக்கா தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றாள். நான் அதற்குள் அங்கே ஓடிவந்து வாளிக் கயிற்றைப் பிடித்திருந்தேன். அவர் கண்ணாடியைச் சரி செய்தார். கதைக்க வேண்டும் என்று ஆசை. என்ன கதைப்பது என்று தெரியாமல் முன்னால் போன ஒழுங்கையைக் கையால் காட்டினார். பெண் பார்க்க வந்தவர் வேறு என்னதான் கேட்பார், பாவம்.

"உதாலை பாதை இருக்கோ?"

அக்கா தலையைக் குனிந்தாள். மோட்டார் சைக்கிளோடு ஆற்றைக் கடக்கப் போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"ஓம், பாதை இரிக்கு. நேரே போங்க."

அவள் அவரோடு பேசிய பேச்சு அவ்வளவுதான். அவர் சந்தோஷத்தில் முடுக்கினார். ஒழுங்கையின் இரண்டு பக்கமும் ஆற்றோரத்துக் கண்ணா மரம் அடர்ந்திருந்தது. ஒரு வளைவு, அதற்கப்பால் சரிவு, அதன் முடிவில் ஊர்த் துறை. பாதை அக்கரையில் நின்றது.

நாங்கள் சத்தத்தைத்தான் கேட்டோம். நான் ஓடினேன். போகும்போதே காற்றில் கருகிய தோல் வாசம். துறையில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர்கள் அவரைத் தூக்கி எடுத்திருந்தார்கள். பட்டு வேட்டியெல்லாம் சேறு, கழுத்தில் பாசி, கண்ணாடி போய்விட்டது. காலில் ஒரு வெட்டுக் காயம். மோட்டார் சைக்கிளின் ஒரு கைப்பிடி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. பிறகு அதுவும் தாழ்ந்தது. கரையில் நின்ற ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். ஒருவன் சிரித்தால் போதாதா?

அப்பா மூச்சு வாங்க ஓடி வந்தார். மாப்பிள்ளை நடுங்கிக்கொண்டே, "பிரேக் பிடிக்கேல்லை மாஸ்டர்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைத்தான் சொன்னார்.

அம்மானும் யாழ்ப்பாணத்துப் பெரியவர்களும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். அப்பா அவர்களைப் பார்த்தார்.

"பிடிச்சதே தம்பி. காலையிலயும் ஓட்டிப் பாத்தனான். நீங்க பதறிற்றீங்க."

நான் அப்பாவின் சால்வையைப் பிடித்து இழுத்தேன். "அப்பா, தோல்…" என்றேன். அவர் என்னைப் பார்க்காமலே என் கையை எடுத்துவிட்டார். மெதுவாகத்தான் எடுத்தார். அடித்திருந்தால் நான் கத்தியிருப்பேன்.

வளவில் எல்லோரும் கூடினார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா சால்வையை உதறித் தோளில் போட்டார். "ஆத்துக்கை போ எண்டு உங்கடை பெட்டை வழி காட்டினவளாம். இதென்ன பகிடியோ?" அம்மான் அக்காவைக் கூப்பிட்டார். அவள் வந்து கப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி சொன்ன?"

"பாதை இரிக்கோ எண்டு கேட்டார். ஓம், நேரே போங்க எண்டன்."

நம் ஊர்ப் பேச்சில் பாதை என்றால் இன்னது என்று ஒருவர் விளக்கப் பார்த்தார். "பாதை எண்டால் பாதைதான்" என்று பெரியப்பா எழும்பிவிட்டார். அவர்கள் போன பிறகு அம்மானுக்கு அவமானத்தை எங்கே இறக்குவது என்று தெரியவில்லை. அக்காவின் பக்கம் திரும்பினார். "கலியாணத்துக்கு முதல் வேலிக்கால உனக்கென்னடி கதை? உன்ட வாயாலதான் எல்லாம் போச்சு." எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அப்பா கொட்டில் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா அப்பாவைப் பார்த்தாள். அவர் ஏதாவது சொல்வார் என்று அவள் காத்திருந்தது எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது.

அன்றைக்கே நான் அம்மாவிடம் சொன்னேன். அவள் கிணற்றடியில் பலகாரத் தட்டங்களைச் சாம்பல் போட்டு விளக்கிக்கொண்டிருந்தாள். வைக்கோல் கும்பி, கருகிய தோல், எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா சாம்பல் கையாலேயே என் வாயைப் பொத்தினாள்.

"இத இனி உன்ட வாயில நான் கேக்கப்படாது. அவளுக்கு இன்னொரு மாப்பிள்ள வருவான். உங்கப்பாவுக்கு இன்னொரு முகம் வருமா?"

அம்மா கெட்டவள் இல்லை. அந்த வீட்டில் அப்பாவை யாரும் ஒரு மனுஷராக மதிக்கவில்லை என்பது அவளுக்குத்தான் கூடுதலாக வலித்திருக்கும். அதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். நினைத்தாலும் வெட்கம் குறையவில்லை.

இன்னொரு மாப்பிள்ளை வரவில்லை. ஊர் அவளுக்குப் பாதைக்காரி என்று பெயர் வைத்தது. உங்களில் யார் வைத்தீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. வந்த சம்பந்தப் பேச்சுகள் எல்லாம் அந்தப் பெயரில் வந்து நின்றன. கடைசியில் களுதாவளையில் ஒரு தபுதாரருக்கு, பிள்ளைகள் இருந்தவருக்கு, இரண்டாந்தாரமாகக் கொடுத்தார்கள். அவர் இங்கே வந்து குடியிருக்க மாட்டேன் என்றார். மூத்த பெண் தன் வீட்டை விட்டுப் புருஷன் வீட்டுக்குப் போவதை நம் குடியில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. வீட்டைச் சின்னவளுக்கு எழுதிவிடலாம் என்றார் அம்மான். சின்னவள் நான்தான். எனக்கு மாப்பிள்ளை வந்தார், நீங்கள் எல்லோரும் வந்து சாப்பிட்டீர்கள்.

ஆற்றிலிருந்து மாடு பூட்டி இழுத்தெடுத்த மோட்டார் சைக்கிளை அப்பா பிறகு தொடவில்லை. திரும்பவும் கோழி ஏறியது. அப்பா செத்த பிறகு பழைய இரும்புக்காரன் கொண்டுபோனான். அக்கா பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அவளுடைய வீட்டு வேலிப் படலையில் யாராவது வழி கேட்டால், "தெரியாது, வேற ஆரிட்டையும் கேளுங்க" என்பாள். பிறந்ததிலிருந்து அறிந்த இடமாக இருந்தாலும் அதுதான் பதில். எனக்கு அதன் காரணம் தெரியும். ஆனால் பிரேக் விஷயம் எப்படியோ அவளுக்கும் தெரிந்துதான் இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஊரில் எத்தனை பேர் வாய். அப்படி நினைத்துக்கொள்வது எனக்குச் சுகமாகவும் இருந்தது.

அம்மா கடைசிக் காலத்தில் பாயோடு கிடந்தாள். அக்கா கிழமைக்கு இரண்டுதரம் ஆறு கடந்து வருவாள். அம்மாவைக் குளிப்பாட்டி, தலை வாரி, சோற்றைப் பிசைந்து கரண்டியால் ஊட்டிவிட்டுப் போவாள். மகள் என்றால் அவள்தான் என்று நீங்கள் எல்லோரும் சொன்னீர்கள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள், ஒன்றும் சொல்ல மாட்டாள்.

அம்மா செத்து முப்பத்தோராம் நாள் படையல். குசினியில் அக்கா திருவலையில் உட்கார்ந்து தேங்காய் திருவினாள், நான் மரக்கறி வெட்டினேன். இரண்டு கிழவிகளும் பழைய கதை பேசினோம். அவளைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது.

"அப்பா என்னையும் ஏத்திக்கொண்டு வைக்கோல் கும்பிக்குள்ள விட்டாரே, உனக்குச் சொன்னனானா? வாயெல்லாம் பதர்."

"எப்ப?"

"கச்சேரி மாப்பிள்ள வாறதுக்கு முதல். பிரேக்குக்குச் செருப்புத் தோலல்லவா வெச்சிருந்தார். பிடிக்கவே இல்ல."

அக்காவின் கை நின்றது.

"பிடிச்சது எண்டு அப்பா சொன்னாரே."

நான் கத்தியைக் கீழே வைத்தேன். அவளுக்குத் தெரியாது என்று எனக்கு அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது. இவ்வளவு காலமும் தன் வாயில் வந்த ஒரு சொல்தான் எல்லாவற்றையும் ஆற்றில் தள்ளியது என்று நம்பிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"அம்மாக்குத் தெரியுமா?"

"ஓம். நான்தான் சொன்னன்."

"எப்ப சொன்ன?"

"அண்டைக்கே."

அவள் கூரையைப் பார்த்தாள். பிறகு கப்பை, யன்னலை, நான் உட்கார்ந்திருந்த இடத்தை.

"அப்ப இந்த வீடு…" என்று தொடங்கினாள். முடிக்கவில்லை.

கையிலிருந்த பாதித் தேங்காயையும் சிரட்டை தெரியுமட்டும் திருவினாள். தேங்காய்ப் பூவைச் சட்டியில் கொட்டி, கையைக் கழுவி, முந்தானையில் துடைத்தாள். படையலுக்கும் நிற்கவில்லை. ஒரு வாய் சோறுகூட எடுக்காமல் பின்னேரப் பாதையில் அக்கரைக்குப் போய்விட்டாள்.